‘குறைந்தது’ எப்படிக் ‘குறைக்கும்’ ஆகிறது?

நம் உடம்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையாகவே இருக்கும். திறந்தால் முதல் பத்தியிலேயே திகைத்து மூடிவிடுவோம். இந்தத் தடையைச் செயற்கை நுண்ணறிவு தளர்த்துவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. 2020இல் செமான்டிக் ஸ்காலர் என்ற தேடுதளம், கணினி அறிவியல் கட்டுரைகளை ஒற்றை வாக்கியத்தில் சுருக்கித் தரத் தொடங்கியது. இன்று சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலியிடம் கட்டுரையைக் கொடுத்தால், நமக்கு வேண்டிய எளிமையில் விளக்கிவிடுகிறது.

எப்படி? முதலில் கட்டுரை சொற்களாகவும் சொல்துண்டுகளாகவும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு எண்வரிசையாகிறது. பொருளில் நெருங்கியவை எண்களிலும் நெருங்கியிருக்கும் என்பதால், ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பதும் ‘மாரடைப்பு’ என்பதும் அக்கம்பக்கத்தில் அமைகின்றன. எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லோடு எவ்வளவு தொடர்பு என்று அடுத்து எடைபோடப்படுகிறது. இந்தச் செயலிகளுக்கு அடித்தளமாக, 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பின் உயிர்நாடி இதுதான். அப்புறம், அடுத்து வரத்தக்க துண்டை ஒவ்வொன்றாகக் கணித்து விளக்கம் எழுதப்படுகிறது.

கலைச்சொற்களை இது நன்றாகவே எளிமையாக்குகிறது. சின்னச் சொற்களில்தான் வழுக்குகிறது. “ஆய்வில் பங்கேற்ற 60 பேருக்கு, எட்டு வாரங்களில் வலி குறைந்தது” என்று கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில் அது “இந்த மருந்து வலியைக் குறைக்கும்” என்று வந்துவிடலாம். ‘குறைந்தது’ என்பது நடந்த செய்தி. ‘குறைக்கும்’ என்றால் எல்லாருக்கும், எப்போதும். வினையின் வடிவம் மாறியதும் 60 பேர் காணாமல் போய்விட்டார்கள்.

இது வெறும் பயமல்ல. 2025இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழொன்றில் வெளியான ஆய்வு, இத்தகைய செயலிகளை இயக்கும் 10 மொழி மாதிரிகள் எழுதிய 4,900 சுருக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டது. பெரும்பாலான மாதிரிகளிடம் இப்படிப் பொதுமைப்படுத்தும் போக்கு தெரிந்தது. துல்லியமாக எழுதும்படி கேட்டபோது அது இன்னும் கூடியது என்பதுதான் என்னை உலுக்கியது.

அதனால்தான் சில கருவிகள், மூலத்திலிருந்து பொருத்தமான பத்திகளைத் தேடியெடுத்து, அவற்றை வைத்தே விடை எழுதுகின்றன; எந்த வரி எங்கிருந்து வந்தது என்றும் காட்டுகின்றன. நல்ல ஏற்பாடு. சாதாரண உரையாடல் செயலியிலும் நாமே கேட்கலாம்: எத்தனை பேர்? மனிதர்களா, எலிகளா? எத்தனை நாள்? எந்த வாக்கியத்தை வைத்து இப்படிச் சொல்கிறாய்? சரி, அது ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டினால், அதன் நாலைந்து சொற்களைக் கட்டுரைக்குள் தேடிப் பாருங்கள். சில நேரம் அந்த மேற்கோளே அங்கே இருக்காது.