போன் கேட்டு அழும் பிள்ளை: யாரை யார் பழக்குகிறார்கள்?

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். ஈரடுக்குப் பாலத்தில் நெரிசல். "போனத் தா" என்கிறான் மூன்று வயதுப் பிள்ளை. "சார்ஜ் இல்ல ராசா" என்கிறார் அம்மா. சிணுங்கல் அலறலாகிறது, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். "இந்தா, வச்சுப் பாரு!" போன் கைமாறுகிறது.

அழுததால் பிடித்தது கிடைத்தது. இனி அழுகை கூடும். இது நேர்மறை வலுவூட்டல். அம்மாவும் பழகுகிறார்: கொடுத்ததும் தொல்லை நின்றது, ஆகவே நாளை இன்னும் சீக்கிரம் கொடுப்பார். இது எதிர்மறை வலுவூட்டல். இதைத் தண்டனை என்று பரீட்சையில் எழுதிவிட்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் ஏராளம். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும். வலுவூட்டல் எந்த வகையானாலும் கூட்டும்.

நாலு தடவை மறுத்து ஐந்தாவது தடவை கொடுப்பதுதான் ஆகக் கெடுதல். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைக்கும் பரிசு, பழக்கத்தை லேசில் விடவிடாது, அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியது இதைத்தான். பத்து நிமிஷம் அழவிட்டுக் கொடுத்தால், பத்து நிமிஷம் அழக் கற்றுக்கொடுக்கிறோம்.

மாற்ற, முதலில் ஒரே ஒரு வேளையை எடுங்கள். ராத்திரிச் சாப்பாடு என்று வைப்போம். போன் கண்ணில் படக்கூடாது. வீட்டில் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். அம்மா மறுத்ததை ஆச்சி "பிள்ளை ஏங்கிப் போவான்" என்று எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. அழுகை தொடங்குமுன்பே கவனம் கொடுங்கள்: "அட, தோசைய நீயே பிச்சுச் சாப்பிடுதியே!" அழுதால் பக்கத்திலேயே இருங்கள், பேரமும் மிரட்டலும் வேண்டாம். ஓய்ந்த உடனே பேச்சுக் கொடுங்கள். பசி, தூக்கம், காய்ச்சல் என்றால் அதை முதலில் கவனியுங்கள்.

முதல் சில நாள் அழுகை முன்னைவிடக் கூடும். வழக்கமாகக் கிடைத்தது நின்றால் பழைய செயல் பல சமயம் ஒருமுறை வேகமெடுக்கும். பலரும் விட்டுக்கொடுப்பது இந்த இடத்தில்தான். அப்போது கொடுத்தால் உரத்த அழுகைக்கே பரிசு. அழுகை எத்தனை நிமிஷம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள், குறைவது கண்ணுக்குத் தெரியும். அடங்கிய பிறகும் கல்யாண வீட்டிலோ ஆனித் தேரோட்டக் கூட்டத்திலோ மறுபடி தலைகாட்டும். அன்றும் கொடுக்காதிருந்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால், இதிலேயே நாளைக் கடத்தாமல் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.