பிரேக்கரில் எல்லோரும் படிக்கும் எண், யாரும் படிக்காத எண்

“அண்ணே, 100 ஆம்ப் எம்சிசிபி ஒண்ணு குடுங்க, திரீ ஃபேஸ்.” மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் எலக்ட்ரிக்கல் சாமான் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், வாங்கியவர் மோட்டார்சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எம்சிசிபி என்பது ஷார்ட், ஓவர்லோடு ஆனால் தானே மின்சாரத்தை அறுக்கும் கூடு போட்ட பிரேக்கர். அது எத்தனை கிலோ ஆம்பியர் (ஆயிரம் ஆம்பியர்) தாங்கும் என்று இரண்டு பேருமே பேசிக்கொள்வதில்லை. செம்பனை ஆலைகளில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரத்துக்குப் பொறுப்பான சான்று பெற்ற ஆளாக வேலை பார்க்கும் எனக்கு இது பெரிய கவலை.

இந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனைதான். மலாயாவில் வணிக அளவில் முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில். ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே நம் ஆட்கள் பாய்லர், பிரஸ், ஒர்க்‌ஷாப் என்று ஆலையின் எல்லா மூலையிலும் இருக்கிறார்கள். சுவிட்ச்போர்டு வெடித்தால் முதலில் காயப்படுவதும் அவர்கள்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பிரேக்கரின் முகத்தில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஆம்பியர், அது தினமும் சுமக்கக்கூடிய கரண்ட். பக்கத்து லேபிளில் பொடி எழுத்தில் ஐசியூ, ஐசிஎஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது எவ்வளவு பெரிய கரண்டை அந்தப் பிரேக்கரால் அறுத்து நிறுத்த முடியும் என்று அவை சொல்கின்றன. ஒரே பிரேக்கருக்கு 240 வோல்ட்டில் ஓர் எண்ணும் 415 வோல்ட்டில் அதைவிடக் குறைந்த எண்ணும் போட்டிருப்பார்கள். திரீ ஃபேஸ் போர்டுக்கு வாங்கும்போது 415 இருக்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவது கஷ்டமில்லை. ஆலையில் 1,000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, வெளிவருவது 433 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் அது கொடுப்பது சுமார் 1,333 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (கரண்டுக்கு அது காட்டும் உள் தடை) 5 சதவீதம் என்று இருந்தால், 1,333ஐ 0.05ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 26,700 ஆம்பியர், அதாவது 27 கிலோ ஆம்பியர் வருகிறது. மெயின் போர்டின் பஸ்பாரில் (கரண்டைப் பங்கிடும் தடித்த உலோகப் பட்டையில்) ஷார்ட் ஆனால் அவ்வளவு கரண்ட் பாயக் காத்திருக்கிறது. அந்த போர்டில் 10 கிலோ ஆம்பியர் பிரேக்கரை மாட்டினால் அதன் உள்ளே தொடுமுனைகள் பிரியும்போது எழும் நெருப்புவில் அணையாது. உள்ளே வாயு பெருகிப் பிளாஸ்டிக் கூடு பிளக்கும். நெருப்பு பஸ்பாருக்குத் தாவினால் கதவு பிய்த்துக்கொண்டு வரும்.

அதே 10 கிலோ ஆம்பியர் பிரேக்கரை 50 மீட்டர் தள்ளி, 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளின் கடைசியில் உள்ள சின்ன டிபியில் (விநியோகப் பெட்டியில்) மாட்டினால் அநேகமாகப் பிரச்சினை இல்லை. கேபிளின் தடையே கரண்டை 4 கிலோ ஆம்பியர் அளவுக்கு இறக்கிவிடும். ஆக, எங்கே மாட்டப் போகிறோம் என்று தெரியாமல் பிரேக்கர் வாங்கக் கூடாது. பழைய பிரேக்கரின் ஆம்பியரை மட்டும் பார்த்து மாற்றுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஐசியூவுக்கும் ஐசிஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். ஐஇசி 60947-2 தரத்தின்படி ஐசியூ அளவுக் கரண்டை அறுத்த பிரேக்கர், அதன்பிறகு தன் வழக்கமான கரண்டைச் சுமக்கத் தகுதியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஐசிஎஸ் அளவில் அறுத்திருந்தால் தொடர்ந்து வேலை செய்யும். மெயினில் ஐசிஎஸ், ஐசியூவில் 100 சதவீதம் உள்ளதை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். விலை கூடும்தான். ஆனால் பழம் அதிகம் வரும் காலத்தில் ஆலை நின்றால் ஆகும் நட்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இனி, இதற்கு நேர் எதிரான ஒரு சிக்கல்: ஷார்ட் கரண்ட் போதாமல் போவது. இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் ஆலைகள் செம்பனைப் பழத்தின் நார், கொட்டையின் ஓடு இரண்டையும் எரித்து, நீராவி டர்பைனில் சொந்தமாக மின்சாரம் எடுக்கின்றன. பாய்லர் சூடாகும்வரை ஃபேனும் தண்ணீர்ப் பம்பும் ஜென்செட்டில் (டீசல் ஜெனரேட்டரில்) ஓடும். அந்த நேரத்தில் ஷார்ட் ஆனால் என்ன நடக்கும்? 500 கேவிஏ ஜென்செட்டின் முழு லோடு சுமார் 695 ஆம்பியர். ஷார்ட் ஆன முதல் கணத்தில் 5, 6 கிலோ ஆம்பியர் வரும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிந்து, ஜெனரேட்டரின் காந்தத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எக்ஸைட்டேஷன் நன்றாக இருந்தாலும் 2 கிலோ ஆம்பியர் பக்கம்தான் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மரை மனதில் வைத்து 630 ஆம்ப் பிரேக்கரின் காந்த டிரிப்பை (பெரிய கரண்டில் உடனே அறுக்கும் பகுதியை) பத்து மடங்கில் வைத்திருந்தால், அது விழ, அதாவது டிரிப் ஆக, 6,300 ஆம்பியர் வேண்டும். ஜென்செட்டால் அதைக் கொடுக்க முடியாது. பிரேக்கர் ‘ஏதோ ஓவர்லோடு’ என்று நினைத்துப் பல விநாடி காத்திருக்கும், அதற்குள் கேபிள் எரியும். இரண்டு வழியிலும் மின்சாரம் வரும் போர்டில், டிரிப் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய எலக்ட்ரானிக் டிரிப் யூனிட்டும் பூமிக்குக் கசியும் கரண்டைக் கண்டுபிடிக்கும் எர்த் ஃபால்ட் ரிலேயும் இருக்க வேண்டும். அந்த அளவுகளை முடிவு செய்வது பாதுகாப்புக் கணக்கு தெரிந்த இன்ஜினியரின் வேலை. ஸ்குரூ டிரைவரோடு நிற்கிறவர் குத்துமதிப்பாகத் திருப்பக் கூடாது.

சரி, மாட்டும் வேலைக்கு வருவோம். எம்சிசிபி பெட்டிக்குள் ஃபேஸ்களுக்கு இடையில் செருகும் மெல்லிய தடுப்புத் தகடுகள் வரும். பல இடங்களில் இவை பெட்டியோடு குப்பைக்குப் போவதைப் பார்க்கிறேன். பிரேக்கர் விழும்போது சூடான, மின்சாரம் கடத்தக்கூடிய வாயு வெளியேறும். தகடு இல்லையென்றால் அந்த வாயு வழியாகவே ஃபேஸும் ஃபேஸும் சேர்ந்துகொள்ளும். வாயு போகிற பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தயாரிப்பாளர் தாளில் படம் போட்டிருப்பார். கேபிள் டிரங்கிங்கை அதன்மேல் ஒட்டி வைத்துவிட்டால் அந்த இடம் போச்சு. லைன், லோடு என்று குறித்திருக்கும் பிரேக்கரைத் தலைகீழாக இணைப்பதும் கூடாது.

போல்ட் முறுக்கு இன்னொரு விஷயம். கை பலத்தில் இறுக்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. 200 ஆம்பியர் ஓடும் இணைப்பில் ஒரே ஒரு மில்லிஓம் கூடுதல் தடை இருந்தால் அங்கே 40 வாட் சூடு பிறக்கும், இரவும் பகலும். அந்தச் சூடு பிரேக்கருக்குள் ஏறி, லோடு சரியாக இருக்கும்போதே, சூட்டால் இயங்கும் தெர்மல் டிரிப்பை விழ வைக்கும். உடனே “பிரேக்கர் சின்னது, பெருசு போடு” என்பார்கள். பெரிதைப் போட்டால் டிரிப் ஆவது நிற்கும், கேபிள் நுனியில் மாட்டும் லக் கருகும். லேபிளில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, போல்ட் தலையில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள், அது நகர்ந்திருந்தால் கண்ணாலேயே தெரியும். அலுமினியக் கேபிளைச் செம்பில் சேர்க்க பைமெட்டல் லக் கட்டாயம். ஆலை முழு லோடில் ஓடும்போது தெர்மல் கேமரா வைத்துப் பார்த்தால் தளர்ந்த இணைப்பு தனியாகத் தெரிந்துவிடும்.

கழிவுநீர்க் குளத்துக்கும் பயோகேஸ் கூடத்துக்கும் அருகே உள்ள போர்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அங்கே கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளிப் பூச்சையும் கறுப்பாக்கித் தடையைக் கூட்டும். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பழக்குலையை நீராவியில் வேக வைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் வேறு கதை: எம்சிசிபிக்களைப் பெரும்பாலும் 40 டிகிரியில் அளவு பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், அந்தப் பேனலுக்குள் 50 டிகிரி சாதாரணம். அங்கே 100 ஆம்ப் என்று எழுதியிருப்பது 100 ஆம்பைச் சுமக்காது.

பிரேக்கர் விழுந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆள் அடிபடுகிறார். பழக்குலை லாரிகள் வாசலில் நிற்கும், மேலே இருந்து போன் வரும், யாரோ ஓடிப்போய் கைப்பிடியை மேலே தள்ளுவார். விழவில்லையே என்று நிம்மதியாக இருக்கும். மறுபடி விழுந்தால் மறுபடி தள்ளுவார். பக்கத்து ஆலை ஒன்றில் மூன்றாவது முறை தள்ளியபோது போர்டு வெடித்து ஒரு தம்பியின் கையும் முகமும் வெந்தது. கைப்பிடி நடுவில் நின்றால் அது டிரிப் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். என்ன காரணத்துக்காக விழுந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அதைத் தொடவே கூடாது. மோட்டாரையும் கேபிளையும் கழற்றி, மெகர் மீட்டரால் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட்டில் விழுந்திருந்தால் பிரேக்கரையும் சந்தேகப்படுங்கள்: கரி படிந்திருக்கிறதா, கூட்டில் விரிசல் இருக்கிறதா, மூன்று ஃபேஸிலும் தொடுமுனைத் தடை ஒரே மாதிரி இருக்கிறதா. எல்லாம் சரி என்றால் பேனல் கதவை மூடி, பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுங்கள்.

வேலை செய்ய இறங்கும்போது பிரேக்கர் கைப்பிடி கீழே (ஆஃபில்) இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். டர்பைன், ஜென்செட், டிஎன்பி (மின்வாரிய லைன்) என்று மூன்று பக்கமிருந்தும் மின்சாரம் வரக்கூடிய இடம் அது. எல்லாவற்றையும் பூட்டி, பெயர் எழுதிய அட்டை மாட்டி, சாவியை உங்கள் பையில் வையுங்கள். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் சோதித்து, பிறகு வேலை இடத்தில் பார்த்து, மறுபடியும் அந்த மின்சாரம் உள்ள இடத்தில் சோதியுங்கள். மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும் கப்பாசிட்டர் பேங்க் இருந்தால் அது டிஸ்சார்ஜ் ஆகும்வரை பொறுங்கள்.

இந்த வேலைக்கு சுருஹான்ஜாயா தெனாகாவின் (மலேசிய எரிசக்தி ஆணையத்தின்) தகுதிச் சான்று உள்ளவர் வேண்டும். 1,000 வோல்ட் வரைக்கும் ஏ வகை, அதற்கு மேல் பி வகை. சான்று இல்லாத உதவியாளரிடம் “நீயே போடுடா” என்று சொல்லும் ஃபோர்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 26ஏ என்று ஒரு பிரிவு 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லையென்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள அது உரிமை கொடுக்கிறது. “பாஸ், காரணம் தெரியாம இதைப் போட மாட்டேன், சார்ஜ்மேனைக் கூப்பிடுங்க” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள் என்பதை அப்போதே லாக் புக்கில் எழுதிவிடுங்கள்.