வலைப்பதிவு: கட்டாமல் விட்ட உரை

‘பிளாக்’ என்று தமிழில் எழுதினால், எதைச் சொல்கிறோம் என்பது இடம் பார்த்துத்தான் தெரியும். கறுப்பு நிறமும் பிளாக், அடுக்குமாடியின் ஒரு பகுதியும் பிளாக், வேண்டாத எண்ணைத் தடுப்பதும் பிளாக், இணையத்தில் தேதி போட்டு எழுதிவரும் வலைப்பதிவும் பிளாக். “உன் கதையை பிளாக்ல போட்டுட்டேன்” என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர், “கள்ளச் சந்தையில விக்கிற அளவுக்கா இவர் கதை எழுதுறார்?” என்று கேட்டார். நம் எழுத்தில் க ஒன்றுதான். கடைசி ஒலி எதுவானாலும் ‘க்’ என்றே முடியும். ஆகவே இந்தக் கடைசி பிளாக்குக்குத் தமிழில் ஒரு பெயர் வைத்தது மொழிப்பற்றால் மட்டும் நடந்ததல்ல, தேவையும் இருந்தது. வலைப்பதிவுக்கும் கட்டுரைக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்கும் இந்தச் சொற்களிலேயே பாதி விடை இருக்கிறது.

‘பிளாக்’கின் மூலச்சொல் ‘வெப்லாக்’. 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தான் இணையத்தில் படித்தவற்றைக் குறித்து வைத்த பக்கத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். ‘வெப்’ என்றால் வலை, ‘லாக்’ என்றால் குறிப்பேடு. 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் தன் தளத்தின் ஓரத்தில், இனி இதை ‘வீ பிளாக்’ என்று உச்சரிக்கப் போவதாக விளையாட்டாக எழுதினார். அதாவது, வெட்டும் இடத்தை மாற்றினார். தமிழில் எழுதிப் பார்த்தால் நடந்தது நன்றாகவே தெரியும்: ‘வெப்’பும் ‘லாக்’கும் சேர்ந்த சொல்லில் ‘வெ’ மட்டும் உதிர்ந்தது, அநாதையான ‘ப்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாகர் என்ற சேவை வந்தது. வேடிக்கை, வினைச்சொல்லாகிவிட்டது.

‘லாக்’ என்பதற்கு அடிப்படைப் பொருள் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, சம இடைவெளிகளில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் எறிவார்கள். கட்டை நீரில் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகப்போகக் கயிறு அவிழ்ந்து ஓடும். மணல் கடிகையில் சுமார் 28 வினாடிகள் வடிவதற்குள் கையை விட்டு எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் ‘முடிச்சு’ என்ற பொருளுள்ள ‘நாட்’ கணக்கில் சொல்வது இதனால்தான். எண்ணியதை எழுதிவைத்த ஏட்டுக்குக் கட்டையின் பெயரே வந்தது. அந்த ஏட்டில் எழுதுகிற மாலுமிக்கு நாளைக்குப் புயலா, கரையா என்று தெரியாது. இன்றைய தேதி, இன்றைய காற்று, இன்றைய வேகம், அவ்வளவுதான்.

சரி, கட்டுரை? கட்டு, உரை என்று பிரித்தாலே பாதி விளங்கிவிடும். கட்டுக்கோப்பில் இருக்கிற அதே கட்டுதான் இதிலும். சொல் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பின், மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் நடந்ததற்கெல்லாம் காரணமான முன்வினையைச் சொல்லும் பகுதிக்குப் பெயரே கட்டுரை காதை. அங்கே அது எழுத்து வடிவம் அல்ல. கோவையாக, பொருள்பட எடுத்துரைக்கும் பேச்சு. உரைநடை பெருகியபோது இந்த வடிவத்தை ‘வியாசம்’ என்ற வடமொழிச் சொல்லாலும் குறித்தார்கள். பிறகு கட்டுரை அந்த இடத்தைப் பிடித்தது. மதுராபதி பேசும்போது எல்லாம் நடந்து முடிந்திருந்தது என்பதையும் கவனியுங்கள். முடிவு தெரிந்த ஒருவர் காரணங்களை வரிசைப்படுத்திச் சொல்வது, இன்று நாம் கட்டுரை என்று எதிர்பார்ப்பதற்கு வெகு அருகில் இருக்கிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த முரண் வருகிறது. கட்டுரைக்கு இணையாக நாம் வைத்திருக்கும் ஐரோப்பியச் சொல்லான ‘எஸ்ஸே’யில் கட்டுதல் என்ற பொருளே இல்லை. பிரெஞ்சில் அது முயற்சி, பரிசோதனை. அதற்கும் பின்னே எடைபோடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் நிற்கிறது. 1580இல் அந்தப் பெயரில் நூல் வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன், அதை முடித்துவைக்கவே இல்லை. 1588 பதிப்பில் ஏராளமாகச் சேர்த்தார். அச்சான பிரதியின் ஓரங்களிலும் கையால் எழுதிக்கொண்டே 1592இல் இறந்தார். பழையதை அழிப்பதைவிடப் பக்கத்தில் புதியதைச் சேர்ப்பது அவர் வழக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் போட்டு எழுதும் பள்ளிக்கூடக் கட்டுரையோடு ஒப்பிட்டால், அந்த மனிதர் வலைப்பதிவரின் பங்காளி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேறுபாட்டை ஒரு சின்ன விஷயத்தில் பார்க்கலாம். ஒருவர் முதன்முறையாகக் கண்ணாடி போடுகிறார். கட்டுரையாக எழுதினால், “பார்வைக் குறைபாடு வயது வேறுபாடின்றி எவருக்கும் வரக்கூடியது” என்று தொடங்கி, காரணம், தீர்வு எனப் போய், பழகிவிட்டால் சிரமமில்லை என்று முடிப்பார். வலைப்பதிவில் அவரே இப்படி எழுதுவார்: “மார்ச் 4, இரவு 11.40. கண்ணாடி வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. தரை கொஞ்சம் மேலே ஏறி வந்த மாதிரி இருக்கிறது. மாடிப்படியில் ஒரு கால் எங்கேயோ போகிறது.” மறுநாள், “தரை இறங்கிவிட்டது” என்று இரண்டே சொல். பழகுமா பழகாதா என்பது எழுதும்போது அவருக்கே தெரியாது.

புதியது மேலே, பழையது கீழே என்ற வரிசையும் இதோடு சேர்ந்ததுதான். வாசகர் நுழைவதே நடுவழியில். தவறு செய்தால் பல பதிவர்கள் அழிப்பதில்லை. வரியின் மேல் கோடு போட்டுவிட்டு, கீழே ‘பின்சேர்க்கை’ என்று திருத்தத்தை எழுதுகிறார்கள். மேற்கோள் என்றால் சுட்டி (லிங்க்) கொடுத்துவிடலாம். போய்ப் படித்துக்கொள்வது உங்கள் பாடு. அப்புறம் பின்னூட்டம். ‘ஃபீட்பேக்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்து மொழிபெயர்த்த சொல் இது. மறுமொழி என்ற நல்ல சொல் இருந்தும் இதுவே நிலைத்தது. ‘ஊட்டம்’ கேட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கும் பதிவர்களைப் பார்த்தால் பொருத்தம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். வலைப்பூ, வலைப்பதிவு இரண்டும் வழக்கில் உள்ளன. வலைப்பூ அழகான சொல். ஆனால் பூ மாலைக்குள் வாடிவிடும், பதிவோ பத்தாண்டு கழித்தும் தேடலில் வந்து நிற்கும். அதைவிடப் பெரிய குறை, அதிலிருந்து வேறு சொல் கிளைப்பதில்லை. எழுதுகிறவரைப் பூவர் என்று அழைக்க முடியுமா? பதிவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பதிவர், பதிவுலகம், பதிவிட்டேன், மீள்பதிவு, எதிர்ப்பதிவு எல்லாம் கேட்காமலே வந்து சேர்ந்தன. பதிதல் என்றால் அழுந்தித் தடம் விடுதல்; ஈர மண்ணில் கால் பதிகிறதே, அது. பதிவேடு என்ற பழைய சொல்லோ மாலுமியின் ஏட்டுக்கு நேர் உறவு. ‘லாக்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒரே சிக்கல், முழுத் தளமும் பதிவு, அதில் வரும் ஒவ்வொன்றும் பதிவு. இதற்காகத்தான் தனி ஒன்றுக்கு ‘இடுகை’ என்ற சொல் வந்தது. இடு என்ற வினையோடு வருகை, சேர்க்கையில் உள்ள அதே ‘கை’ விகுதி. பல வலைப்பதிவுகளில் வருவதை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இதை நன்றாகவே புழங்கின. இருந்தும் பேச்சில் பதிவே வென்றது; இப்போது முகநூலில் இரண்டு வரி போட்டாலும் பதிவுதான். தளத்தை வலைப்பதிவு என்றும் அதில் உள்ள ஒன்றை இடுகை என்றும் எழுதுவதே தெளிவு. பேச்சில் எப்படிச் சொன்னாலும் யாரும் குழம்பப் போவதில்லை.

வலைப்பதிவில் கட்டுரையே வெளியிட்டால் அது எது என்று கேட்பார்கள். இரண்டும்தான். மூவாயிரம் சொல்லில் கோவையாக எழுதியது கட்டுரை. அது வெளிவந்த விதம் இடுகை. உண்மையான சிக்கல் எதிர்த்திசையில் வரும். நண்பர் ஒருவரின் இடுகைகளைப் புத்தகமாக்க உதவியபோது தேதிகளை எடுத்தோம், வரிசையைத் தலைகீழாக்கினோம், பின்னூட்டங்களை விட்டுவிட்டோம். கட்டுரைத் தொகுப்பு என்று அட்டையில் போட்டும் ஆயிற்று. மெய்ப்புப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது, பக்கத்துக்கு ஒரு ‘நேற்று’. மேலே தேதி இருந்தவரை அது உறுத்தவே இல்லை. ‘ஒரு நாள்’ என்று மாற்றிக்கொண்டே வந்தோம். பதினோராவது இடத்தில் நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதை மட்டும் விட்டுடுங்க, இது நிஜமாவே நேத்து நடந்தது” என்றார்.