நெல்லில் புகையான் பூச்சி வருவதற்கு முன் சிலந்தி எதைத் தின்னும்?

குறுவை நட்டு இருபது நாள் ஆனதும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், இலை அங்கங்க வெளுத்திருக்கு, சுருட்டுப்புழு தெரியுது. என்ன அடிக்கலாம்?" பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் தொழில். "இப்போதைக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம்" என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நேராக உரக்கடைக்குப் போய் வேறு பதில் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏன் வேண்டாம் என்பது ஒரு போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. வயலில் யார் யாரைத் தின்று பிழைக்கிறார்கள் என்ற கணக்கு தெரிந்தால்தான் அது புரியும்.

கணக்கைச் சூரியனிலிருந்து தொடங்குவோம். நம் பக்கம் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். ஒரு ஏக்கர், அதாவது நம் கணக்கில் மூன்று மா, சுமார் 4,000 சதுர மீட்டர். 110 நாள் பயிருக்கு ஏறக்குறைய 22 லட்சம் யூனிட். அதில் 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை நெல் கண்டால் நல்ல விளைச்சல் என்கிறோம். அந்த நெல்லில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 10,000 யூனிட். வைக்கோலில் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் கூட்டினாலும் விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்குதான் தேறுகிறது. பயிர் பிடித்ததிலும் கணிசமான பங்கைத் தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடுகிறது. வயலில் இருக்கும் புழு, நண்டு, தவளை, கொக்கு, எலி, நாம் எல்லாருக்கும் மிஞ்சியதுதான் சாப்பாடு.

அந்தச் சாப்பாடு கை மாறும்போதெல்லாம் குறைகிறது. பயிரைத் தின்கிற பூச்சி, தின்றதில் பெரும்பகுதியை எச்சமாகக் கழிக்கிறது. ஓடவும் பறக்கவும் எரித்து வெப்பமாக விடுகிறது. உடம்பாகச் சேர்வது சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு. பூச்சியைத் தின்னும் தவளைக்கு அதிலும் பத்தில் ஒன்று. பாம்புக்கு அதிலும் பத்தில் ஒன்று. 1942-இல் ரேமண்ட் லிண்டமன் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானி, மினசோட்டாவில் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து இந்த ஓட்டத்தைக் கணக்காக எழுதினார். கட்டுரை அச்சில் வருவதற்குள் அவர் இறந்துபோனார். பத்தில் ஒன்று என்பது சராசரிதான். உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டிய பறவைக்கும் எலிக்கும் இன்னும் குறைவாகவே சேரும். பூச்சிகளுக்குக் கொஞ்சம் கூடும்.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். இதுவும் அப்படித்தான். ஆனால் வழியில் ஊறிப்போன தண்ணீரை போர் போட்டு எடுக்கலாம். வெப்பமாகப் போன ஆற்றலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணுக்கும் பயிருக்கும் இடையே சுற்றி வரும். ஆற்றல் ஒருவழிப் பாதை. அதனால்தான் வயலில் தத்துப்பூச்சி ஆயிரக்கணக்கில் இருக்கும், வானத்தில் பருந்து ஒன்றோ இரண்டோ தெரியும்.

இங்கேதான் ஒரு சிக்கல். நெல்லின் தூரடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் புகையான். பெண் புகையான் ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி பெருக அதைவிட அதிக நாள் பிடிக்கும். வலை பின்னாமல் தூரடியில் தண்ணீர் மேல் ஓடித் திரிவது இந்தச் சிலந்தி. நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். புகையான் வந்த பிறகுதான் சிலந்தி பெருக வேண்டும் என்றால் பந்தயம் தொடங்கும் முன்பே தோற்றாயிற்று. ஆனால் மருந்து படாத வயலில், நட்ட சில வாரங்களிலேயே, புகையான் தலைகாட்டும் முன்பே சிலந்திகள் ஓடுவதைப் பார்க்கலாம். அவை எதைத் தின்று வளர்ந்தன?

இதற்கான விடை ஜாவா தீவின் நெல் வயல்களிலிருந்து வந்தது. வில்லியம் செட்டில் என்பவரும் அவருடைய குழுவும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. நடவுக்கு முன் மண்ணில் மடங்கிய தாள் (அறுத்தபின் வயலில் நிற்கும் நெல் தண்டு), தழை, எரு எல்லாம் தண்ணீருக்குள் மக்கும். மக்குவதையும், அதில் வளரும் நுண்ணுயிர்களையும், நீரில் மிதக்கும் பாசியையும் தின்று பொடிப் பூச்சிகள் பெருகும். சேற்றில் நெளியும் சிவப்புப் புழு, அது வளர்ந்து பறக்கும் கடிக்காத கொசு, மண்மேல் துள்ளும் கடுகளவுப் பூச்சி எல்லாம் இந்தக் கூட்டம். பயிருக்கு இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. முதல் சில வாரங்களுக்குச் சிலந்திக்கும் ஊசித்தட்டானுக்கும் நீர்வண்டுக்கும் இவைதான் சோறு. அதாவது புகையானைத் தின்னப்போகும் சிலந்தியின் உடம்பில் இருப்பது இந்தப் போகத்து வெயில் மட்டுமல்ல. போன போகத்துத் தாளில் அடைபட்டிருந்த வெயிலும்தான்.

இதைச் சொன்னபோது நீடாமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப எரு போட்டு கொசுவ வளர்க்கச் சொல்றீங்களா சார்?" ஆமாம் ஐயா, இந்தக் கொசுவை வளர்க்கத்தான் சொல்கிறேன்.

இருபதாம் நாள் மருந்து ஏன் வேண்டாம் என்பது இப்போது புரிந்திருக்கும். அந்த மருந்து சுருட்டுப்புழுவோடு சேர்த்து இந்தப் பொடிப் பூச்சிகளையும் சிலந்தியையும் கொன்றுவிடும். மேல் படியில் இருப்பவை மெதுவாகத்தான் திரும்பும். காலியான வயலில் முதலில் ஏறுவது புகையான்தான். இளம் பயிர் கொஞ்சம் இலை இழந்தாலும் புதிதாகத் தூர் கட்டி ஈடுசெய்துவிடும். இந்தோனேசியாவில் மானிய விலையில் மருந்து கொடுத்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1986-இல் அந்த அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. அதனால் நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை.

மருந்தைப் போலவே இன்னொரு தவறும் நடக்கிறது, அதை யாரும் தவறென்று நினைப்பதில்லை. அறுவடை எந்திரம் போன கையோடு வைக்கோல் கட்டும் எந்திரம் வருகிறது. கட்டுகள் லாரி ஏறிவிடுகின்றன. வயல் பிடித்த ஆற்றலில் பாதி நெல்லாக வெளியே, மீதி வைக்கோலாக வெளியே. மாட்டுக்குத் தீவனம், கைக்குக் காசு, சரி. ஆனால் மக்குவதற்கு அடித்தாளைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. மாடும் வீட்டில் இல்லை என்றால் சாணமாகவும் திரும்பாது. கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், வயலில் போடும் ஆட்டுக்கிடை இந்தக் கணக்கை ஓரளவு நேர் செய்யும். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டமும் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று எச்சமிட்டுப் போகும். கிடை கிடைக்காதவர்கள் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் போதும். தழைச்சத்து கிடைக்கும் என்றுதான் எல்லாரும் அதைச் சொல்வார்கள். சிலந்திக்குத் தீவனம் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். யூரியாவால் இந்த வேலை நடக்காது. யூரியா கூடினால் பயிர் கொழுகொழுவென்று வளர்ந்து புகையானையும் சுருட்டுப்புழுவையும்தான் கூப்பிடும்.

மேல் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றல் ஒவ்வொரு படியிலும் குறையும். உடம்பில் தங்கிவிடும் டிடிடி பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சு ஒவ்வொரு படியிலும் கூடும். நம் நாட்டில் 1989-இலேயே அதை வேளாண்மைக்குத் தடை செய்தார்கள். இப்போது எலி பிடிக்கும் கூகை ஆந்தைக்கு வரும் ஆபத்து வேறு வகை: எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்று அதுவும் சாகும். மருந்துக்குப் பதில் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

சரி, எப்போதுதான் அடிப்பது? ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்று ஒரு குத்து; அதில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். வயலில் குறுக்காக நடந்து இருபது குத்தையாவது விலக்கித் தூரடியைப் பாருங்கள். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. தழைப் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை சேதமானால்தான் சுருட்டுப்புழுவுக்கு மருந்து. புகையானுக்குத் தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி என்பது வரம்பு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்கிறது. அதற்கு மேல் போனால் தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, தூரடியில் படும்படி அடியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் புகையானை மறுபடியும் கிளப்பிவிடும்; மலிவாகக் கிடைக்கிறது என்று கடையில் எடுத்துக் கொடுத்தாலும் நெல்லுக்கு வாங்காதீர்கள்.