ஷின் ஃபெய்ன்: நாமா, நாங்களா?

அயர்லாந்து பற்றிய செய்திகளில் 'சின் பெயின்' என்றோ 'சின் ஃபெயின்' என்றோ அச்சாகி வரும் கட்சிப் பெயர் ஆங்கிலச் சொல் அல்ல, ஐரிஷ் மொழிச் சொல். அந்த மொழியில் இகரத்தையும் எகரத்தையும் ஒட்டி வரும் சகரம் 'ஷ' என்று ஒலிக்கும். அதனால் முதற்சொல் ஷின். அடுத்த சொல்லை 'ஃபேன்' என்று எழுதினால் ஒலிக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் மின்விசிறி என்று படித்துவிடுவார்கள் என்பதால் ஷின் ஃபெய்ன் என்றே எழுதுகிறேன்.

ஷின் என்றால் தன்மைப் பன்மை. நாம் என்றும் சொல்லலாம், நாங்கள் என்றும் சொல்லலாம். எதைச் சொல்வது என்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஃபெய்ன் என்பது தற்சுட்டு. மே ஃபெய்ன் என்றால் நானே, தூ ஃபெய்ன் என்றால் நீயே. தனிச்சொல்லாக நிற்பதோடு முன்னொட்டாகவும் வரும். தற்கொலைக்கு ஐரிஷ் சொல் ஃபெய்ன்வாரூ. நம் சொல்லில் 'தன்' செய்யும் வேலையை அங்கே ஃபெய்ன் செய்கிறது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தமிழில் 'தான்' முதலில் தற்சுட்டுப் பெயர், பிறகு அழுத்தம் தரும் இடைச்சொல்லாகவும் ஆனது: அவன்தான், நாம்தான். ஃபெய்னும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் இப்படி ஒரே வழியில் நடந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, ஷின் ஃபெய்ன் என்பதை எப்படிப் பெயர்ப்பது? ஆங்கிலத்தில் நெடுங்காலமாக 'நாங்கள் மட்டுமே' என்ற பொருளில் பெயர்த்து வந்தார்கள். அதைப் பார்த்துத் தமிழிலும் அப்படியே எழுதுகிறோம். இது பிழை. 'மட்டும்' என்பதற்கு ஐரிஷில் அவான் என்று தனிச்சொல் இருக்கிறது, அது கட்சிப் பெயரில் இல்லை. ஷின் ஃபெய்ன் அவான் என்று அந்தச் சொல்லையும் சேர்த்து முழங்கியவர்கள் அன்று இருந்தார்கள் என்பது உண்மைதான், குழப்பத்துக்கு அது ஒரு காரணம். ஆனாலும் பெயரில் இருப்பது இரண்டு சொற்கள்தாம். அவற்றின் பொருள்: நாமே.

தமிழில் 'நாமே' என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். ஏகாரத்துக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் பல பொருள்களில் தேற்றம், அதாவது உறுதிப்படுத்துவது, ஒன்று; பிரிநிலை இன்னொன்று. 'நம் வேலையை நாமே செய்துகொள்வோம்' என்பதில் வருவது தேற்றம். 'இத்தனை பேரில் அவனே கள்வன்' என்பதில் வருவது பிரிநிலை, அதாவது மற்றவர்களை விலக்கி ஒருவனைத் தனியே எடுப்பது. ஷின் ஃபெய்னில் உள்ளது முதல் வகை. எதிராளிகளின் காதில் விழுந்தது இரண்டாம் வகை. இந்தச் சொல்லைச் சுற்றி நடந்த சண்டையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சொல் கட்சிப் பெயராக மாறிய கதைக்கு வருவோம். 1801 ஜனவரி 1-ஆம் தேதி அயர்லாந்து பிரிட்டனோடு ஒன்றியமாக இணைக்கப்பட்டது. டப்ளினில் இருந்த நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, ஐரிஷ் உறுப்பினர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோரிக்கை ஹோம் ரூல், அதாவது ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே டப்ளினில் ஒரு சட்டமன்றம். 1886-இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மசோதா பொதுச்சபையில் தோற்றது, 1893-இல் கொண்டுவந்தது பிரபுக்கள் சபையில் தோற்றது. இந்தச் சொல்லைச் சென்னைக்காரர்கள் அறிவார்கள். ஐரிஷ் வழிவந்த அன்னி பெசன்ட் 1916-இல் சென்னையில் ஹோம் ரூல் லீக் தொடங்கியபோது பெயரை அங்கிருந்துதான் எடுத்தார். தமிழில் அதற்குத் தன்னாட்சி என்பதே பொருத்தம். விடுதலை என்று எழுதினால் பொருள் மாறிவிடும்.

மசோதாக்கள் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். 1893-இல் டக்ளஸ் ஹைட் தலைமையில் கேலிக் லீக் தொடங்கியது. மறைந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியைப் பேச்சிலும் பள்ளியிலும் மீட்பது அதன் நோக்கம். ஷின் ஃபெய்ன் என்ற தொடர் புழங்கியது இந்த மொழி ஆர்வலர்களிடையேதான். நம் பேச்சு, நம் விளையாட்டு, நம் நெசவு என்ற பொருளில் சொன்னார்கள். லண்டன் என்ன தரும் என்று காத்திருக்காமல் நாமே செய்துகொள்வோம் என்பது அதன் உட்பொருள்.

அச்சுக்கோப்பவராக இருந்து பத்திரிகையாளரான ஆர்தர் கிரிஃபித் இதை அரசியலாக்கினார். 1867-இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே மன்னர், இரண்டு நாடாளுமன்றங்கள் என்று உடன்பட்டதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். ஹங்கேரி உறுப்பினர்கள் வியன்னாவுக்குப் போகாமல் இருந்தே வென்றார்கள், நம் உறுப்பினர்களும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போக வேண்டாம் என்றார். 1905 நவம்பரில் இந்தக் கொள்கை மாநாட்டில் வைக்கப்பட்டது. இன்று பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு: தொடக்கக் கால ஷின் ஃபெய்ன் குடியரசு கேட்கவில்லை. மன்னர் பொதுவாக இருக்கட்டும், ஆட்சி நம்முடையதாக இருக்கட்டும் என்றுதான் கேட்டது.

கிரிஃபித்தின் திட்டத்தில் சொந்தத் தொழில், சொந்த வங்கி, சொந்த நீதிமன்றங்கள், சொந்தக் கப்பல்கள் எல்லாம் இருந்தன. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இங்கே நினைவுக்கு வராமல் போகாது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நாமே, கருத்துக்குக் கருத்து பார்த்தால் சுதேசி என்று சொல்லலாம்.

இந்தப் பெயரைக் கிரிஃபித்துக்கு எடுத்துக் கொடுத்தவர் மாய்ரே பட்லர் என்ற எழுத்தாளர் என்பார்கள். ஒன்றியத்தை விட்டு அயர்லாந்து ஓர் அடியும் விலகக் கூடாது என்று வடக்கே போராடிய எட்வர்ட் கார்சனுக்கு அவர் உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் 'ஷின்' என்றார், மற்றவர் அந்தச் சொல்லுக்குள் வர மறுத்தார்.

தள்ளிவைத்த சிக்கலுக்கு இப்போது வந்துவிட்டோம். ஐரிஷ் மொழிக்கு இந்த வேறுபாடு தெரியாது, ஆங்கிலத்துக்கும் தெரியாது. தமிழுக்குத் தெரியும். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். பிரிட்டனைப் பார்த்து ஷின் ஃபெய்ன் என்றால் அது நாங்களே. எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பொருள். டப்ளின் தெருவில் சொந்த மக்களைப் பார்த்துச் சொன்னால் அது நாமே. இதுவரை எளிது. பெல்ஃபாஸ்ட் கப்பல் பட்டறையில் வேலை செய்த ஒரு புராட்டஸ்டன்ட் தொழிலாளியைப் பார்த்துச் சொன்னால்? அவர் அதே தீவில் பிறந்தவர், தன்னைப் பிரிட்டிஷ்காரராகக் கருதுபவர். அவரிடம் சொல்லும் ஷின் எந்த ஷின்?

தேசியவாதிகள் எப்போதும் 'நாம்' என்றுதான் நினைத்தார்கள், அதை மனமாரவும் நினைத்தார்கள். அயர்லாந்தின் மூவண்ணக் கொடியே அதற்குச் சான்று. பச்சை கத்தோலிக்க, கேலிக் மரபு, ஆரஞ்சு மன்னர் வில்லியமைப் போற்றும் புராட்டஸ்டன்ட் மரபு, இரண்டுக்கும் நடுவில் சமாதானத்துக்கு வெள்ளை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் ஆயுதமேந்தி நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் பிரகடனமும் எல்லா ஐரிஷ் ஆண்களையும் பெண்களையும் விளித்தே தொடங்குகிறது. சிறுபான்மை பெரும்பான்மை என்ற பிளவு அந்நிய அரசு வளர்த்தது என்றது அது. ஆனால் 'நாம்' என்று ஒருவர் அழைத்தால் போதாது, அழைக்கப்பட்டவர் உள்ளே வரவும் வேண்டும். 1912 செப்டம்பர் 28 அன்று, தீவின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் உடன்படிக்கை நாளில், ஹோம் ரூல் வேண்டாம் என்று ஆண்களும் பெண்களுமாக நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது 'நாங்கள்'.

ஈஸ்டர் எழுச்சியை நடத்தியது ஷின் ஃபெய்ன் அல்ல. பத்திரிகைகளும் அதிகாரிகளும் 'ஷின் ஃபெய்ன் கலகம்' என்று பெயரிட்டார்கள். தவறாகச் சூட்டிய பெயரே கட்சியை வளர்த்தது. எழுச்சித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின் மக்கள் மனம் மாறியது. 1917-இல் எழுச்சியில் பங்கெடுத்து உயிர்தப்பிய டி வலேரா தலைவரானார், கட்சி குடியரசைக் குறிக்கோளாக ஏற்றது. 1918 தேர்தலில் 105 இடங்களில் 73-ஐ வென்றது. வென்றவர்கள் கிரிஃபித் சொன்னபடி லண்டனுக்குப் போகவில்லை. 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் டாயில் என்ற தங்கள் சொந்த அவையைக் கூட்டினார்கள். பிறகு பிரிட்டனோடு போர், 1921 டிசம்பரில் ஒப்பந்தம், ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று உள்நாட்டுப் போர். அதன்பின் இந்தப் பெயர் பலமுறை பிளந்தது. இன்றைய டப்ளின் அரசியலின் பெரிய கட்சிகளான ஃபியன்னா ஃபாய்லும் ஃபின கேலும்கூட இந்த வேரிலிருந்து கிளைத்தவைதான்.

ஒப்பந்தத்துக்கு முன்பே தீவு இரண்டாகியிருந்தது. 32 மாவட்டங்களில் 6 வட அயர்லாந்தாகப் பிரிட்டனோடு நின்றன. தமிழில் நாம் செய்யும் இன்னொரு பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஐரிஷ் தேசியவாதிகளைப் 'பிரிவினைவாதிகள்' என்று எழுதுகிறோம். அயர்லாந்தில் பிரிவினை என்றால் தீவை இரண்டாக வெட்டியது. அதைக் கடைசிவரை எதிர்த்தவர்கள் தேசியவாதிகள்! பிரிட்டனிலிருந்து விலக வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. வீட்டைவிட்டு ஒருவர் விலகுவதும், வீட்டின் நடுவே சுவர் எழுப்புவதும் வேறு வேறு. முன்னதற்கு விலகல், பின்னதற்குப் பிரிவினை என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். யூனியனிஸ்ட் என்பதற்கும் வெறுமனே 'ஒற்றுமைவாதி' என்று எழுதக் கூடாது, எந்த ஒற்றுமை என்ற கேள்வி வரும். தீவின் ஒற்றுமையைக் கேட்பவர்கள் தேசியவாதிகள். பிரிட்டனோடு உள்ள ஒன்றியத்தைக் கேட்பவர்களை ஒன்றியவாதிகள் எனலாம்.

பிரெக்சிட்டுக்கும் இது பொருந்தும். அதைச் சிலர் 'வெளியேற்றம்' என்று எழுதினார்கள். யாரோ பிடித்து வெளியே தள்ளியதுபோல் இருக்கிறது, பிரிட்டன் தானே வெளியேறியது. 2016 வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க வாக்களித்தார்கள். ஓர் ஒன்றியத்தைவிட்டு வெளியேற விரும்பாதவர்களை இன்னோர் ஒன்றியம் இழுத்துச் சென்றது. தீவை இணைப்பது பற்றிய பேச்சு அதன்பின் மீண்டும் வலுத்தது.

வட அயர்லாந்தில் பல்லாண்டு நீடித்த வன்முறையை முடிக்க 1998 ஏப்ரல் 10-ஆம் தேதி கையெழுத்தான புனித வெள்ளி உடன்பாடு இந்த 'ஷின்' சிக்கலை நேரே தொட்டது என்பது என் எண்ணம். வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் எனலாம், பிரிட்டிஷ் எனலாம், இரண்டும் எனலாம். அங்குள்ள பெரும்பான்மையினர் வாக்களித்தாலன்றித் தீவு இணையாது. யார் எந்த 'நாம்' என்பதை அவரவரே முடிவுசெய்யலாம் என்று எழுதிவைத்தார்கள்.

கட்சியின் பழைய பழக்கம் ஒன்று இன்றும் தொடர்கிறது. 2024 தேர்தலில் ஷின் ஃபெய்ன் 7 வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிகளை வென்றது, வென்றவர்கள் யாரும் அங்கே போய் அமரவில்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அவையிலும் டப்ளின் டாயிலிலும் கட்சியின் உறுப்பினர்கள் அமர்கிறார்கள். 2024 பிப்ரவரி 3 அன்று அக்கட்சியின் மிஷெல் ஓ'நீல் வட அயர்லாந்தின் முதலமைச்சரானார். எல்லோருக்குமான முதலமைச்சராக இருப்பேன் என்றார். துணை முதலமைச்சர் எம்மா லிட்டில்-பெங்கெல்லி, ஒன்றியவாதக் கட்சிக்காரர். பெயரில் துணை என்று இருந்தாலும் இருவருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் பதவி விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது.