அப்பா அம்மா சிங்கப்பூரில் சில மாதம் தங்க எந்த அனுமதி?

பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் கூட இருக்கட்டும் என்று முடிவானதும் பல வீடுகளில் முதலில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் விசாவுக்கு ஏஜென்ட்டைத் தேடுகிறார்கள். ‘ரெண்டு வருஷ மல்டிபிள் விசா வந்தாச்சு’ என்று அவர் சொன்னதும் இரண்டு வருஷமும் இருக்கலாம் போலிருக்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்குப் பெரும்பாலும் 30 நாள்தான் ஆயுள்.

விசா இங்கே வந்து இறங்குவதற்கு மட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கட்டாயம். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), நிராகரித்தாலும் திரும்பக் கிடைக்காது. எத்தனை நாள் தங்கலாம் என்பது சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவைத் தாண்டும்போது கிடைக்கும் குறுகியகால வருகை அனுமதியைப் பொறுத்தது. விசாவில் 2027 என்று போட்டிருந்தாலும் அனுமதியில் அடுத்த மாதத் தேதி இருந்தால் அடுத்த மாதம்தான் கணக்கு.

இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. கடைசித் தேதி மின்னஞ்சலில் வருகிறது, எஸ்ஜி வருகை அட்டையில் (வருமுன் இணையத்தில் நிரப்பும் படிவம்) கொடுத்த முகவரிக்கு. அட்டையை ஏஜென்ட் நிரப்பியிருந்தால் பல நேரம் அவருடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுகிறார். தேதி அவருடைய இன்பாக்ஸில் தூங்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே அட்டையை நீங்களே நிரப்புங்கள், உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். வந்து இறங்குமுன், வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது இல்லை. மின்னஞ்சல் வராவிட்டால் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுத் தேதியைப் பார்க்கலாம். அம்மா வீட்டுக்கு வந்த அன்றே பார்த்து, அதைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். விரல்விட்டு எண்ணவேண்டாம், வந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே ஒரு நாள் தவறிவிடும்.

30 நாள் போதாது என்றால் இணையத்திலேயே நீட்டிப்புக் கேட்கலாம். மொத்தமாக, வந்த நாளிலிருந்து 89 நாள் வரைதான் அந்த வழி நீளும். ஒவ்வொரு நீட்டிப்பும் அவர்கள் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. போன தடவை மாமாவுக்குக் கிடைத்தது என்பது ஆதாரம் ஆகாது. கடைசி நாள் இரவு பத்து மணிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ‘அப்ளை பண்ணியாச்சு’ என்று இருப்பது மிக மோசமான பழக்கம். விண்ணப்பித்திருப்பதும் அனுமதி கிடைத்திருப்பதும் ஒன்றல்ல. ஒரு வாரமாவது கையில் இருக்கும்போது போடுங்கள். திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடிய வகையில் வாங்குங்கள். ஐந்து மாதம் கழித்துத் திரும்புகிற டிக்கெட்டோடு சுற்றுலாப் பயணி என்று வந்து நின்றால் சாங்கியிலேயே கேள்வி தொடங்கும்.

89 நாளும் முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் ‘ஜோகூர் பாருவுக்கு ஒரு நடை போய்ட்டு வந்தா புதுசா 30 நாள் விழும்’ என்பார். இந்த யோசனையால் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய விசாவாக இருந்தால் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டியதும் அது தீர்ந்துவிடும். அம்மா உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகத் திரும்ப முடியாமல் மலேசியாவில் நிற்பார், பெட்டியும் மாத்திரைகளும் இங்கே தங்கிவிடும். மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வருகிறவர்களுக்கும் இதே கதிதான், புறப்படுமுன் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். பலமுறை விசாவே இருந்தாலும், தங்குவதை நீட்டத்தான் போய்வருகிறார் என்று அதிகாரிக்குப் பட்டால் அனுமதி மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதற்கு நேரான வழி நீண்டகால வருகை அனுமதி. யாரிடம் விண்ணப்பிப்பது, கிடைக்குமா என்பதெல்லாம் இங்கிருக்கும் பிள்ளையின் நிலையைப் பொறுத்தது.

பிள்ளை குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் மேலே சொன்ன குடிநுழைவு ஆணையத்திடம், தன் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) மூலம், தானே விண்ணப்பிக்கலாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும். தகுதி இருந்தால் கிடைத்துவிடும் என்று எண்ணவேண்டாம். பெற்றோருக்காக விண்ணப்பிக்கலாம் என்பதுதான் விதி, கொடுத்தே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. மறுத்தால் காரணம் சொல்லமாட்டார்கள். மேல்முறையீட்டில் அதே தாள்களை மறுபடி ஏற்றினால் அதே பதில்தான் வரும். வீட்டில் நோயாளி, இரட்டைக் குழந்தை, ஊரில் பார்க்க வேறு பிள்ளை இல்லை என்று புதிதாக ஏதாவது ஆவணத்தோடு சொல்ல வேண்டும். மக்கள் சந்திப்பு நிகழ்வில் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கடிதம் வாங்குகிறவர்கள் உண்டு. விண்ணப்பத்தை யாராவது திரும்பப் பார்க்க அது உதவலாம், முடிவை மாற்றும் என்று அதை நம்பி டிக்கெட் போடக்கூடாது.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கிற வெளிநாட்டவர்களின் கதை வேறு. இங்கேதான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். அதே 6,000 வெள்ளி பெற்றோருக்கும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு 12,000 வெள்ளி. கணவன் 7,000, மனைவி 6,000, சேர்த்தால் 13,000 என்கிற கணக்கு செல்லாது, ஒருவரே 12,000 வாங்க வேண்டும். போனஸ், மிகைநேரம், கமிஷன், 13ஆம் மாதச் சம்பளம் எதுவும் ‘நிலையான’ என்பதில் வராது. அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும்தான் சேரும். வங்கிக் கணக்கில் 12,500 விழுகிறது என்று மகிழ்ந்து, கடைசியில் 10,800தான் கணக்கில் வருகிறது என்று தெரிந்துகொள்வது இப்படித்தான்.

அடுத்த இடறல்: இந்த விண்ணப்பத்தை ஊழியர் தானே போட முடியாது. முதலாளியோ அவர் நியமித்த வேலைவாய்ப்பு முகவையோ மனிதவள அமைச்சிடம் போட வேண்டும். பல நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு ‘அமைச்சைக் கேளுங்கள்’ என்கிறது, அமைச்சு ‘முதலாளியைக் கேளுங்கள்’ என்கிறது, நடுவில் ஊழியர் மின்னஞ்சல் எழுதிக்கொண்டே இருக்கிறார். நிறுவனம் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், ‘சம்பளம் தகுதி பெறும்போது பெற்றோருக்கு விண்ணப்பிப்பீர்களா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்தபிறகு கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும்.

வேலை போனால் அப்பா அம்மாவின் அனுமதியும் கூடவே ரத்தாகும். மகனுடைய பாஸை நிறுவனம் ரத்து செய்கிற கையோடு அவர்களுக்கும் கிளம்ப நாள் குறிக்கப்படும். அதனால் இந்த அனுமதியை நம்பி ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருவது துணிச்சலான காரியம்.

இனித் தாள்கள். உறவை நிரூபிப்பது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும், ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும். அம்மா பெயர் அதில் ‘இலட்சுமி’, பாஸ்போர்ட்டில் ‘லக்‌ஷ்மி அம்மாள்’. அப்பா பெயரின் முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்திருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். பெயர் சேர்ப்பதும் திருத்துவதும் பிறப்பைப் பதிவு செய்த ஊரிலேயே நடக்கிற வேலை, இங்கிருந்து ஆகாது. அதற்கு ஆகும் நாளை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே விசாவைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைத் தொடங்குங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும், அதை நோட்டரியோ தூதரகமோ உறுதிசெய்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த மருமகள் தட்டச்சு செய்த தாள் ஏற்கப்படாது. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டோம், பதில் வரும்வரை அம்மா இருக்கலாம் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. குறுகியகால அனுமதியின் தேதி தன்பாட்டுக்கு ஓடும். நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதுதான். ஆணையத்தில் ஒப்புதல் வந்தபிறகும் மருத்துவப் பரிசோதனை உண்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் ஹெச்ஐவி பரிசோதனையும். பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்கள் ஊரில் வாங்கிய சிகிச்சைத் தாள்களைக் கையோடு கொண்டுவருவது நல்லது. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கான சலுகைக் கட்டணம் பெற்றோருக்கு இல்லை என்பதால் காப்பீடு இல்லாமல் அழைத்துவராதீர்கள்.

இங்கே இருக்கும்போது அம்மா தன் பேரனைப் பார்த்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்துப் பார்த்துக் காசு வாங்குவது, மதியச் சாப்பாடு கட்டி விற்பது, பிரசவமான வேறொரு வீட்டுக்குப் பத்தியச் சமையலுக்குக் கூலிக்குப் போவது எல்லாம் சட்டப்படி வேலைதான். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாட்ஸ்அப்பில் ‘ஆச்சி கைப்பக்குவம், ஆர்டருக்கு அழைக்கவும்’ என்று போடும் படமே சாட்சியாகிவிடும்.

தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா? 90 நாள் வரை தாண்டினாலே 4,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அதற்கு மேல் போனால் சிறையோடு, 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. தெரிந்தே வீட்டில் வைத்திருப்பவரையும் சட்டம் விடாது. தேதி கடந்தது தெரிந்தவுடன் நேரே லாவெண்டர் எம்ஆர்டி பக்கத்தில் உள்ள ஆணையத்துக்குப் போங்கள், பாஸ்போர்ட், அனுமதி வந்த மின்னஞ்சல், திரும்பும் டிக்கெட்டோடு. விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பெட்டியைச் செக்-இன் செய்தபிறகு குடிநுழைவில் பிடித்து வைப்பார்கள், விமானம் அவர் இல்லாமல் கிளம்பும். ஏஜென்ட் அப்போது தொலைபேசியை எடுக்கமாட்டார்.