அறுபதுக்குப் பிறகு கார் வாங்குவதென்றால் முதலில் சீற்றின் உயரத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் பென்சன் எடுத்த ஒருவர் கார் பார்க்கப் போனால், கூடப் போகிறவர்கள் முதலில் கேட்பது "திரும்ப வித்தா விலை போகுமா?" என்றுதான். 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது, விலையும் தெரிந்ததே, அதனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பது ஒருநாள் வேலை. ஏறி இறங்குவது தினமும்.

தாழ்ந்த காரிலிருந்து எழும்புவது சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்புகிற மாதிரித்தான். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும், முழங்கால் ஆழமாக மடங்கும், உடம்பின் பாரம் பாதங்களுக்குப் பின்னால் கிடக்கும். அந்தப் பாரத்தைப் பாதங்களுக்கு மேலே கொண்டுவந்தால்தான் எழும்ப முடியும், அதற்கு முன்னுக்குக் குனிய வேண்டும், காரிலோ முன்னால் ஸ்டியரிங், தலைக்கு மேல் கூரை. போதாததற்கு வலது காலை மட்டும் வெளியே ஊன்றி, இடது கால் உள்ளே கிடக்கும்போதே உடம்பைத் திருப்பித் தூக்க வேண்டும். இதில் பெரும்பங்கைச் செய்வது முன்தொடைத் தசை. வயது போகப்போக கையை விடக் காலில்தான் தசை அதிகம் மெலிகிறது. சீற் கொஞ்சம் உயர்ந்தாலே முழங்கால் மீதான சுமை நன்றாகக் குறைந்துவிடும்.

அதற்காக ஜீப் வாங்கத் தேவையில்லை. அதில் ஏறுவதற்குக் காலைத் தூக்க வேண்டும், இறங்கும்போது நிலம் எங்கே என்று பாதம் தேட வேண்டும், கடைத்தெருவில் கானோரம் நிறுத்தினால் இடப்பக்கம் இறங்குகிற மனைவியின் பாடு இன்னும் மோசம். கதவைத் திறந்து, சீற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே இருந்து பாருங்கள். தொப்பென்று விழவும் கூடாது, எம்பவும் கூடாது. 660 சிசி வாகன்ஆர் இங்கே பெரியவர்களுக்குப் பிடித்துப்போனதற்கு எரிபொருள் மட்டும் காரணமில்லை. அதன் கூரை சுமார் 165 சென்ரிமீற்றர் உயரம், அதனால் சீற்றையும் உயர்த்தி வைக்க முடிகிறது. வடிவில்லை என்று பெடியள் சொல்லும், சொல்லட்டும்.

அடுத்தது கண். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச்சேர்கிறது. கண்மணி சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. அந்த வில்லை ஒளியைச் சிதறடிக்கவும் செய்கிறது, அதனால்தான் நிலாவெளி வீதியில் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போது சில வினாடிகள் ஒன்றும் தெரிவதில்லை. அந்த வினாடிகளில் வீதியோரம் மாடு நிற்கலாம், டவுனுக்குள் என்றால் மான் நிற்கலாம். கடற்காற்று முன்கண்ணாடியில் படியவிடும் மெல்லிய உப்பும், பழைய வைப்பர் போட்ட கீறல்களும் இந்தச் சிதறலைக் கூட்டும். கண்ணாடியில் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டிய கார் என்றால் உரித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மீற்றரையும் பாருங்கள்: முதல் தலைமுறை விட்ஸில் அது நடுவில், ஓட்டுபவரிடமிருந்து தள்ளி இருக்கும், தூரத்து வீதியிலிருந்து பார்வையை இழுத்து மீற்றரில் நிறுத்த வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது சுகம்.

ஒட்டோ கியர் நல்லது, கிளச் இல்லாததால் இடது முழங்கால் தப்பும். ஆனால் பிரேக் என்று நினைத்து அக்ஸிலேற்றரை மிதிப்பதும் பெரும்பாலும் ஒட்டோ கியரில்தான், ஆகவே இரண்டு பெடலுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று வழமையாகப் போடும் செருப்போடு மிதித்துப் பாருங்கள். கழுத்து திரும்பாதவருக்கு ரிவர்ஸ் கமரா அவசியம். பவர் ஸ்டியரிங் இப்போது பெரும்பாலான கார்களில் மின்மோட்டார்தான்.

காரைப் பார்க்கப் போவது பின்னேரம் ஆறரைக்கு என்றால் நல்லது, உங்கள் கண்ணும் சேர்ந்து சோதனைக்கு வரும். ஆனால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; கதவுக்குக் கீழே, சில்லு வளைவுக்கு உள்ளே பெயின்ட் கொப்புளித்திருந்தால், உப்புக்காற்று வேலையை உள்ளே தொடங்கிக் கனகாலம்.